ஒழுகும் பானை கேட்ட டாக்டர்

விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டைக்குப் பின்னால் உள்ள தெருவுக்குத்தான் நான் கல்யாணமாகி வந்தேன். என் வீட்டுக்காரர் அங்கே ஒரு கம்பெனியில் சூளை அடுக்குகிற வேலை பார்த்தார். மின்சாரப் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளை ஃபியூஸ் கட்டைகள்தான் அந்தக் கம்பெனியின் சரக்கு. நான் நர்சுக்குப் படித்திருந்தேன். ஊருக்குள் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ராத்திரி ஷிப்ட் பார்த்துப் பார்த்து அலுத்துப்போயிருந்த சமயம் அது. இரண்டாயிரத்துக்குப் பிறகான முதல் சில வருஷங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்போது ஒரு சின்ன அறக்கட்டளை, பழைய வேன் ஒன்றை வாங்கி உள்ளே பெஞ்சும் மருந்து அலமாரியும் பொருத்தி, வேப்பூருக்கும் நல்லூருக்கும் அப்பால் பஸ் போகாத ஊர்களுக்கு அனுப்ப ஏற்பாடு செய்தது. நர்ஸ் தேவை என்றார்கள். பகல் வேலை, சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம் என்பதற்காகத்தான் சேர்ந்தேன். சேவை செய்ய வேண்டும் என்ற பெரிய எண்ணமெல்லாம் எனக்கு அன்றைக்கு இல்லை.

முதல் நாள் காலையில் நான் போனபோது டாக்டர் எனக்கு முன்னாலேயே வந்து வேன் படிக்கட்டில் உட்கார்ந்து, காகிதத்தில் மடித்த இட்லியைத் தின்றுகொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும். நெய்வேலியில் வளர்ந்தவர். இழுத்துச் செருகிய நூல் புடவை, காலில் ஆண்கள் போடுகிற ரப்பர் செருப்பு. நான் வணக்கம் சொன்னதும் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

"சிஸ்டர், நல்லா நடப்பீங்களா?"

"நடப்பேன் டாக்டர். ஏன்?"

"வேன் எல்லா ஊருக்கும் போவாது. மிச்சத்துக்கு நாமதான் போவணும்."

அவர் சொன்னது விளையாட்டுக்கில்லை என்று அந்த வாரமே தெரிந்துவிட்டது. மக்காச்சோளக் கொல்லைகளுக்கு நடுவே வண்டித்தடம் எங்கே முடிகிறதோ அங்கே வேனை நிறுத்திவிட்டு, டிரைவர் அண்ணன் ஒரு பெட்டியும் நான் ஒரு பையும் டாக்டர் ஒரு பையுமாகத் தூக்கிக்கொண்டு நடப்போம். பள்ளிக்கூடத்து வாசலிலோ புளியமரத்தடியிலோ ஒரு பெஞ்சு கிடைத்தால் போதும், அதுதான் எங்கள் ஆஸ்பத்திரி.

நான் அதுவரை பார்த்த டாக்டர்கள் நோயாளி வாயைத் திறக்கும் முன்பே எழுத ஆரம்பித்துவிடுவார்கள். இவர் முதலில் ஆளைப் பார்ப்பார். கிழவர்கள் இருமலுக்கு மருந்து கேட்டு வந்தால் "காலக் காட்டுங்க" என்பார். பாதத்தில் ஆறாத புண் இருக்கும், அதை அவர்கள் ஒரு நோயாகவே நினைத்திருக்க மாட்டார்கள். தரையில் உட்கார்ந்து அந்தக் காலைத் தன் மடியில் வைத்துத் துடைப்பார். மாத்திரையை எப்போது சாப்பிட வேண்டும் என்று சொல்லும்போது மணிக்கணக்கு பேசமாட்டார். "மாடு கறக்கும்போது ஒண்ணு, வெளக்கேத்தும்போது ஒண்ணு" என்பார். கோபம் வந்தால் குரல் அடுத்த தெருவுக்குக் கேட்கும். ஆனாலும் ஜனங்கள் அவரைத் தேடித்தான் வந்தார்கள். திட்டு வாங்கிக்கொண்டே சிரிப்பார்கள்.

நாங்கள் போகிற ஊர்களில் கடைசி ஊர் ஒன்று உண்டு. வண்டித்தடத்துக்கும் ஊருக்கும் நடுவில் ஓர் ஓடை. கோடையில் அது வெறும் மணல், மழையில் ஊரையே துண்டித்துவிடும். அந்த ஊரில் கைப்பம்பு ஒன்று இருந்தது. ஆனால் தண்ணீர் உப்புக் கரிக்கும், பருப்பு வேகாது. அதனால் எல்லோரும் ஊர்க்கோடியில் இருந்த பழைய கிணற்றில்தான் குடிக்க எடுத்தார்கள். தண்ணீர் இளநீர் மாதிரி இருக்கும். நானே கேட்டு வாங்கிக் குடித்திருக்கிறேன். ஆனால் கிணற்றுக்குக் கட்டுச்சுவர் கிடையாது. வாய் தரைமட்டத்தில் இருந்தது. மழை பெய்தால் தெருவிலும் கொல்லையிலும் கிடக்கும் அத்தனையும் வழிந்து அதற்குள் போகும். ஒவ்வொரு மழைக்கும் அந்த ஊரில் வாந்தியும் பேதியும் வந்தது. நாங்கள் மருந்து கொடுத்தோம். அடுத்த மழைக்கு மறுபடி வந்தது.

ஓர் ஐப்பசியில் விடாமல் அடைமழை. மழை சற்று விட்ட காலையில் நாங்கள் ஓடைக்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது செந்தண்ணீர் கரைதொட்டுப் போய்க்கொண்டிருந்தது. டிரைவர் அண்ணன் வண்டியை நிறுத்திவிட்டு, "இன்னைக்கு ஆவாதும்மா, திரும்பிடலாம்" என்றார். எதிர்க்கரையில் நாலைந்து ஆண்கள் நின்றிருந்தார்கள். அவர்களில் ஒருவர் கையை வாயருகே குவித்துக் கத்தினார்.

"டாக்டரம்மா! பொம்பளப் புள்ள ஒண்ணு கண்ணு சொருவிக் கெடக்குது! நேத்துலேர்ந்து பேதி!"

டாக்டர் செருப்பைக் கழற்றி வேனுக்குள் போட்டார். "கயிறு இருக்குதா?" என்று திருப்பிக் கத்தினார். அவர்கள் ஏற்றக் கயிறு ஒன்றைக் கொண்டுவந்து, ஒருவர் நீந்தி வந்து இந்தப் பக்கத்து வேப்பமரத்தில் கட்டினார். டாக்டர் என்னைப் பார்த்தார்.

"சிஸ்டர், உங்களுக்கு வூட்ல புள்ளைங்க இருக்குது. நீங்க வர வேண்டாம். பைய மட்டும் குடுங்க."

அப்படிச் சொன்னதாலேயே என்னால் நிற்க முடியவில்லை. மருந்துப் பையைத் தலையில் வைத்து ஒரு கையால் பிடித்துக்கொண்டேன், மறு கை கயிற்றில். தண்ணீர் எனக்கு மார்பளவு வந்தது. காலுக்கடியில் மணல் உருவிக்கொண்டு போவது தெரிந்தது. முன்னால் டாக்டர் திரும்பிப் பார்க்காமல் போய்க்கொண்டே, "கால அகட்டி வையுங்க, தண்ணியப் பாக்காதீங்க, என் முதுகப் பாருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே கரையேறினேன்.

அந்தக் குழந்தைக்கு இரண்டு வயதிருக்கும். தாயின் மடியில் துவண்ட கீரைக்கட்டு மாதிரி கிடந்தாள். கண்கள் குழிக்குள் போயிருந்தன. வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் கிள்ளியபடியே நின்றது. அழுகைக்கு வாய் கோணுகிறதே தவிர சத்தமும் இல்லை, கண்ணீரும் இல்லை. சலைன் ஏற்ற நரம்பு தேடினோம். நானும் முயன்றேன், அவரும் முயன்றார். கையில் இல்லை, காலில் இல்லை. உடம்பில் இருந்த நீரெல்லாம் வற்றி நரம்புகள் உள்ளே ஒளிந்துகொண்டிருந்தன. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகலாமென்றால் நடுவில் ஓடை.

டாக்டர் ஊசியைக் கீழே வைத்தார். "இன்னும் முழுங்குறா. முழுங்குற வரைக்கும் வழி இருக்குது. காய்ச்சி ஆறின தண்ணி கொண்டாங்க" என்றார்.

காய்ச்சிய தண்ணீர் அந்தத் தெருவில் எந்த வீட்டிலும் இல்லை. காய்ச்சவும் வழியில்லை. மழையில் விறகெல்லாம் நனைந்து கிடந்தது. குழந்தையின் தகப்பன் கூரையிலிருந்து உலர்ந்த மூங்கில் சிம்புகளைப் பிடுங்கி எடுத்து வந்தார். அதைப் போட்டு எரித்துத்தான் ஒரு பானைத் தண்ணீர் காய்ந்தது. உப்புசர்க்கரைப் பொட்டலத்தைக் கரைத்து, டாக்டர் ஒரு ஸ்பூனை எடுத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

ஒரு ஸ்பூன் ஊற்றுவார். அது உள்ளே போகிறதா என்று தொண்டையைப் பார்ப்பார். சற்றுப் பொறுத்து அடுத்த ஸ்பூன். குழந்தை வாந்தி எடுத்தால் துடைத்துவிட்டு, கொஞ்சம் ஆறவிட்டு மறுபடி முதல் ஸ்பூன். கை வலித்தபோது தாயிடம் கொடுத்தார். தாய் சோர்ந்தபோது நான் வாங்கிக்கொண்டேன். ஆனால் குழந்தையை விட்டு அவர் கண்ணை எடுக்கவில்லை. சோறு கொண்டுவந்து வைத்தார்கள், ஆறிப் போனது. மதியம் தாண்டிய பிறகு குழந்தை ஒருமுறை வீறிட்டு அழுதாள். டாக்டர் குனிந்து அவள் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"சிஸ்டர், பாருங்க. கண்ணுல தண்ணி."

அதற்கப்புறம் கொஞ்ச நேரத்தில் அந்தக் குழந்தை அவர் மடியிலேயே மூத்திரம் போனாள். எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். டாக்டர் நனைந்த புடவையோடு வாய்விட்டுச் சிரித்தார். "பொழச்சிட்டாடி உன் மவ! வேற யாராவது என் மேல மூத்திரம் பேஞ்சிருந்தா அறைஞ்சிருப்பேன்" என்றார். அந்தத் தாய் அவர் காலில் விழுந்து எழவே இல்லை.

பொழுது சாய்வதற்குள் ஓடையில் தண்ணீர் இடுப்பளவாக இறங்கியிருந்தது. கடந்து வந்து வேனில் ஏறினோம். வேப்பூர் ரோட்டைத் தொட்டபோது டாக்டர் நனைந்த முந்தானையைப் பிழிந்தார். பிறகு சொன்னார்:

"காய்ச்சிக் குடிங்க, காய்ச்சிக் குடிங்கன்னு எத்தன வருஷமா சொல்லிட்டிருக்கேன். இன்னைக்கு ஒரு பானை தண்ணிக்கு அவன் வூட்டுக் கூரையப் பிடுங்கினான் சிஸ்டர். எனக்கு வெக்கமா இருந்துச்சு."

அடுத்த வாரம் அவர் என்னிடம் ஒரு விஷயம் கேட்டார். வெளிமாநிலத்தில் ஒரு பயிற்சிக்குப் போயிருந்தபோது, மண்பானையாலேயே தண்ணீரை வடிகட்டும் முறையைப் பார்த்திருக்கிறார். களிமண்ணோடு நைசாக அரைத்த உமியைப் பிசைந்து பானை செய்து சுட்டால், உமி எரிந்துபோய் மண்ணுக்குள் கண்ணுக்குத் தெரியாத துளைகள் விழும். அந்தப் பானையை மூடி போட்ட பிளாஸ்டிக் வாளிக்குள் தொங்கவிட்டு, மேலே தண்ணீர் ஊற்றினால் கிருமியெல்லாம் மண்ணில் தங்கிவிட, நல்ல தண்ணீர் மட்டும் கீழே சொட்டும். விறகு வேண்டாம், கரண்டு வேண்டாம். "பீங்கான் ஊர்ல இருக்கோம். இத செஞ்சு தர ஒரு ஆள் கெடைக்க மாட்டாங்களா?" என்றார்.

என் வீட்டுக்காரர் வேலை பார்த்த கம்பெனி முதலாளியிடம் அவரைக் கூட்டிப்போனேன். முதலாளி சிடுசிடுப்பானவர் என்று பெயர் வாங்கியவர். டாக்டர் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு மேசை மேலிருந்த ஒரு ஃபியூஸ் கட்டையை எடுத்துக் காட்டினார்.

"இதுல ஒரு சொட்டுத் தண்ணி உள்ள போயிடக் கூடாதுன்னுதாங்க நான் பொழுதன்னைக்கும் பாடுபடுறேன். நீங்க வந்து ஒழுகுற பானை கேக்குறீங்க!"

"ஒழுகணும். ஆனா அளவா ஒழுகணும்" என்றார் டாக்டர்.

முதலாளிக்கு அது ஒரு சவாலாகப் பட்டிருக்க வேண்டும். முதல் தடவை ஃபியூஸ் கட்டைகளோடு சேர்த்தே பானைகளையும் சூளையில் வைத்தார்கள். அந்தச் சூட்டில் மண் இறுகிக் கல்லாகிவிட்டது. ஊற்றிய தண்ணீர் ஊற்றியபடியே நின்றது. டாக்டர் அதைத் தட்டிப் பார்த்து, "ஊறுகாய் போடலாம்" என்றார். அடுத்த தடவை சூட்டைக் குறைத்தார்கள். பாதிப் பானைகள் விரிசல் விட்டன, மீதி சல்லடை மாதிரி ஊற்றின. உமியை இன்னும் நைசாக அரைத்தார்கள். சீனாக்களிமண்ணை விட்டுவிட்டு ஏரிக் களிமண்ணைக் கலந்து பார்த்தார்கள். ஒவ்வொரு சூளை பிரிக்கும்போதும் டாக்டர் வந்து நின்றுவிடுவார். சாம்பல் பூசிய முகத்தோடு முதலாளியும் அவரும் ஒரு பானையின் அடியைப் பார்த்தபடி குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால், இவர்களுக்கு வேறு வேலையே இல்லையோ என்று தோன்றும். கம்பெனி ஆட்கள் எல்லோருக்கும் அது தங்கள் சொந்தக் காரியம் மாதிரி ஆகிவிட்டது. என் வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே திடீரென்று "காத்து பட்டுச் சீக்கிரம் காயறதாலதான் வெடிக்குதோ?" என்பார்.

வெடிப்புக்குக் காரணம் அதுதான் என்று பிறகு தெரிந்தது. சுடாத பச்சைப் பானைகளை ஈரச்சாக்கு போர்த்தி மெல்லக் காயவைத்தார்கள். மாசி மாதத்தில் ஒரு சூளை பிரித்தபோது எல்லாப் பானையும் முழுசாக வந்தது. ஊற்றியதும் அடியில் வேர்த்து, திரண்டு, சொட்டுச் சொட்டாக விழுந்தது தண்ணீர். முதலாளி ஒரு டம்ளரில் பிடித்து, தானே முதலில் குடித்தார். விலை பற்றி டாக்டர் பேச்செடுத்தபோது, "அதெல்லாம் அப்பறம். மொதல்ல அந்த ஊருக்குக் கொண்டு போங்க" என்று சொல்லிவிட்டார்.

வேன் நிறையப் பானைகளோடு அந்தக் கடைசி ஊருக்குப் போனோம். மாலை மரியாதை கிடைக்கும் என்று நினைத்திருந்தேன். நடந்ததோ வேறு. டாக்டர் ஒரு பானையை எடுத்துக் காட்டி, கிணற்றுத் தண்ணீர் அழுக்கு, நஞ்சு என்று சொன்னதும் கூட்டத்தின் முகம் சுருங்கியது. பிழைத்த குழந்தையின் தாய்தான் எல்லோருக்கும் முன்னால் நின்று பேசினாள்.

"எம் புள்ள உசுர மீட்டுக் குடுத்தீங்க. உங்களக் கையெடுத்துக் கும்புடுறேன். ஆனா எங்க தண்ணி அழுக்குன்னு மட்டும் சொல்லாதீங்க டாக்டரம்மா. அது எங்க மாமனாரு தன் கையால வெட்டுன கெணறு. பஞ்சத்துல இந்த ஊரே அதக் குடிச்சுத்தான் பொழச்சுது. அத நஞ்சுன்னு சொன்னா நாங்க எங்க போய் மொகத்த வச்சுக்கறது?"

டாக்டர் கோபப்படப் போகிறார் என்று பயந்தேன். ஆனால் அவர் குரலை உயர்த்தாமல் பேசினார்.

"நான் சொன்ன விதம் தப்பும்மா. கெணறு நல்ல கெணறுதான். அதுக்குள்ள மழை கொண்டாந்து கொட்டுறதுதான் கெட்டது. என்ன நம்ப வேண்டாம். நீயே பாரு."

பையிலிருந்து சின்னச் சின்ன பாட்டில்களை எடுத்தார். அவற்றுக்குள் மருந்தில் நனைத்துக் காயவைத்த காகிதத் துண்டு இருக்கும். தண்ணீர் ஊற்றி மூடி வைத்தால், அதில் மலக்கிருமி இருந்தால் ஓரிரு நாளில் பாட்டில் கறுத்துவிடும். ஒன்றில் கிணற்றுத் தண்ணீர், ஒன்றில் அதே தண்ணீரைப் பானையில் வடிகட்டியது. இரண்டையும் அவள் கையாலேயே ஊற்றச் சொன்னார். "உன் வூட்லயே வையி. நான் தொடவே இல்ல. அடுத்த வாரம் வரேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். பானைகளையும் திரும்ப ஏற்றச் சொன்னார், ஒன்றைத் தவிர.

அந்த வாரம் முழுக்க எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பானை சரியாக வேலை செய்யாமல் இரண்டு பாட்டிலும் கறுத்துவிட்டால்? டாக்டரிடம் கேட்டேன். "அப்ப நாம இன்னொரு பானை செய்யணும்" என்றார்.

அடுத்த வாரம் ஓடை மணலில் கால் வைக்கும்போதே அவள் எதிரே வந்துகொண்டிருந்தாள். இடுப்பில் அந்தக் குழந்தை. கையில் ஒரு பாட்டில் மை மாதிரி கறுத்திருந்தது. இன்னொன்று ஊற்றியபோது இருந்த நிறத்திலேயே இருந்தது. அவள் முகம் அழுது வீங்கியிருந்தது.

"இதையா டாக்டரம்மா எம் புள்ளைக்கு ஊத்துனேன்?" என்றாள்.

டாக்டர் அவள் தோளில் கை வைத்தார். "உனக்கு எப்பிடித் தெரியும்? தெரிஞ்சா ஊத்தியிருப்பியா? வா, உக்காரு." அதற்கு மேல் அவர் ஒரு வார்த்தை உபதேசம் செய்யவில்லை. இருவரும் மரத்தடியில் உட்கார்ந்தார்கள். குழந்தை டாக்டரின் கண்ணாடியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

அதன் பிறகு நடந்தது எல்லாம் அந்தப் பெண்ணின் வேலை. இரண்டு பாட்டில்களையும் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனாள். நாங்கள் பானை கொண்டுபோய்க் கொடுக்குமுன் அவளே யார் வீட்டில் எங்கே வைப்பது என்று முடிவு செய்துவிட்டாள். வாரம் ஒருமுறை பானையைப் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும், சோப்புப் போடக் கூடாது என்பதை எங்களைவிட அவள் நன்றாகச் சொன்னாள், அதட்டியும் சொன்னாள். தண்ணீரில் மண்வாசம் அடிக்கிறது என்று முகம் சுளித்தவர்களிடம், "புதுப்பானை அப்பிடித்தான் இருக்கும். புது மருமவ மாதிரி, நாலு நாள்ல சரியாயிடும்" என்றாள்.

பானையோடு அவள் நிற்கவில்லை. மாமனார் வெட்டிய கிணற்றுக்கு அவளே வழக்கறிஞராகிவிட்டாள். அறுப்பு முடிந்து ஆட்கள் சும்மா இருந்த நாட்களில் ஆண்களைத் திரட்டி, செங்கல் கொண்டுவந்து, கிணற்றைச் சுற்றி இடுப்பளவுக்குச் சுவர் எழுப்பவைத்தாள். சுற்றிலும் சிமெண்டுத் தளம் போட்டு, வழிகிற தண்ணீர் வெளியே ஓட வாய்க்கால் வெட்டினார்கள். அங்கே மாடு கழுவக்கூடாது என்று ஊர்க்கூட்டத்தில் பேசினாள். அவள் புருஷன் பின்வரிசையில் உட்கார்ந்து தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். சுவர் கட்டி முடித்த அன்று எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். கிணற்றுக்குப் பூசணிக்காய் உடைத்தார்கள். டாக்டர் அந்தச் சுவர் மேல் இரண்டு கையையும் ஊன்றி உள்ளே எட்டிப் பார்த்து, "இப்பதான் மாமனாருக்கு நிம்மதி" என்றார். அந்தப் பெண் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

எல்லாம் அப்படியே நன்றாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். சில வீடுகளில் பானையை ஆடு முட்டி உடைத்தது. ஒரு வீட்டில் பானையை எடுத்துப் பரணில் வைத்துவிட்டு வாளியில் அரிசி கொட்டி வைத்திருந்தார்கள். பக்கத்து ஊர் ஒன்று கடைசிவரை வேண்டாம் என்றே சொல்லிவிட்டது. கம்பெனியில் ஆர்டர் அதிகமான மாதங்களில் எங்கள் பானைக்குச் சூளையில் இடம் கிடைக்காது. டாக்டர் சலித்துக்கொள்வார், மறுநாள் காலையில் மறுபடி போய் முதலாளியின் எதிரில் உட்கார்ந்துவிடுவார்.

அடுத்த ஐப்பசியும் நல்ல மழைதான். தண்ணீர் வடிந்த முதல் நாளே ஓடையைக் கடந்து போனோம். சலைன், ஊசி, உப்புசர்க்கரைப் பொட்டலம் எல்லாம் எப்போதையும்விட அதிகமாகச் சுமந்து போனோம். பெஞ்சு போட்டு உட்கார்ந்தோம். ஒரு கிழவர் மூட்டுவலி என்று வந்தார். ஒரு பெண் காது வலி என்றாள். பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்று காலில் முள் குத்திக்கொண்டு வந்தது. அவ்வளவுதான். பேதிக்கு ஒருவர்கூட வரவில்லை. நான் நம்பாமல் தெருவுக்குள் போய் விசாரித்துவிட்டு வந்தேன். ஒரு வீட்டில்கூட யாரும் படுத்திருக்கவில்லை.

திரும்பி வந்து சொன்னதும் டாக்டர் பெஞ்சில் காலை நீட்டிச் சாய்ந்து உட்கார்ந்தார். அவரை அப்படி ஓய்வாக நான் பார்த்ததே இல்லை.

"வேலையே இல்ல சிஸ்டர்" என்றார். அவ்வளவு சந்தோஷமாக அந்த வார்த்தையைச் சொன்ன வேறு ஒருவரை நான் சந்தித்ததில்லை.

சில வருஷங்களுக்குப் பிறகு அந்த அறக்கட்டளை வேனை நிறுத்திவிட்டது. டாக்டர் மலைப்பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். அந்த ஊருக்கு மேல்நிலைத் தொட்டியும் குழாயும் வந்துவிட்டன. பானைகளுக்கு இப்போது வேலையில்லை என்று நான் போனில் சொன்னபோது அவர் துளிகூட வருத்தப்படவில்லை. "அப்பாடா" என்றார். பிறகு உடனே, "குழாய்த் தண்ணிய டெஸ்ட் பண்ணாங்களா?" என்று கேட்டார்.

அதைக் கேட்டதும் நான் பஸ் ஏறி, இறங்கி, மிச்ச தூரத்தை நடந்தேன். அந்தப் பெண்ணின் வீட்டுக் கதவைத் தட்டி, டாக்டரம்மா இப்படிக் கேட்கிறார் என்றேன். தலைமுடி கொஞ்சம் நரைத்திருந்தது அவளுக்கு. "அது வந்த வாரமே பாத்தாச்சுங்க. பஞ்சாயத்துல சொல்லி பாட்டில் வாங்கியாந்து நானே பாத்தேன். நல்லாத்தான் இருக்குது. சொல்லுங்க அவங்கள்ட்ட" என்று சொல்லிவிட்டு, எனக்குக் குடிக்கத் தண்ணீர் எடுத்து வர உள்ளே போனாள்.